மயங்காமைக்கு இரண்டு புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொன்றது என் கணவர்தான். செத்தவள் ஒன்றரை வருடமாக நான் ஆடிவந்த மீன்காரி.

வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் காகிதமும் பகடையுமாக உட்காருவோம். கதை நடத்துவது அவர். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இருவரும் நானும் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கிச் சண்டை போடுவோம். அவர்கள் மந்திரவாதி, இளவரசன் என்று எடுத்துக்கொண்டார்கள். மீன் வாசனையே தெரியாத அக்ரகாரத்துப் பெண் நான், வேண்டுமென்றே விழிஞ்ஞத்து மீன்காரியை எடுத்தேன். மீன் வெட்டும் கத்தியும் வாயும்தான் அவளுக்கு ஆயுதம். என்னைவிட எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஜெயிக்க ஜெயிக்கப் புள்ளி சேரும். அதைக் கொடுத்துப் புதுத் திறமை வாங்கலாம். அன்று பட்டியலில் ‘மயங்காமை’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார். பலம் பூஜ்யமானால் எல்லோரும் மயங்கி விழுவார்கள். இதை வாங்கியவர் விழாமல் சண்டையைத் தொடரலாம். விலை வைப்பதில் அரைமணி நேரம் ரகளை.

“பத்துப் புள்ளியாவது வைக்கணும் சேட்டா. விழவே மாட்டான்னா பின்னே கேம் எதுக்கு?” என்றான் இளவரசன்.

“இவளுக்கு ரெண்டு போறும்,” என்றார் என் கணவர். “காய்ச்சல்லகூட இவ படுத்து நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே இருக்கறதுக்கு என்ன விலை?”

பாராட்டு என்று நினைத்துப் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். மக்கு!

அடுத்த சண்டையில் கடற்கொள்ளையர் பத்துப் பேர். முதல் அடியில் மந்திரவாதி மயங்கினான், இரண்டாவதில் இளவரசன். விழுந்தவனைக் கொள்ளையர் தொடமாட்டார்கள்; அதுவும் இவர் எழுதிய விதிதான். ஆக, பத்துப் பேர் அடியும் நின்றுகொண்டிருந்த எனக்கே. பூஜ்யத்துக்குக் கீழே போயும் நின்றேன். எட்டுப் பேரைச் சாய்த்தேன், இரண்டு பேர் ஓடினார்கள். ஆனால் பலம் மைனஸ் பத்து ஆகிவிட்டது, அதைத் தொட்டால் மரணம்தான். விழுந்திருந்தால் பிழைத்திருப்பாள். விழத்தான் முடியாதே! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

“கஷ்டமாயிப்போச்சு சேச்சி,” என்று உச்சுக்கொட்டிவிட்டு, மயக்கம் தெளிந்த இரண்டு மகானுபாவர்களும் புதையலைப் பங்கு போட்டார்கள்.

“அவளைத் திருப்பிக் கொடுங்கோ,” என்றேன். ஒரு காகித மீன்காரிக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

“செத்தா செத்ததுதான், ரூல் ரூல்தான். சரி, எல்லாருக்கும் ஒரு டீ போடேன்.”

கூடத்தின் நடுவில் தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னடி பண்றே?”

“மயக்கம் போட்டிருக்கேன். விழுந்தவாளைத் தொடக்கூடாது.”

சிரித்தார்கள். நான் எழவில்லை. சிரிப்பு அடங்கியது. அடுக்களையில் பாத்திரம் உருண்டது. “சர்க்கரை எங்கே?” என்று அவர் குரல் வந்தது. மயங்கியவள் எப்படிப் பதில் சொல்வாள்?

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். காகிதத்தில் ரப்பர் தேய்க்கும் சத்தம். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ‘மயங்காமை’ திறமைகள் பக்கத்தில் இல்லை. குறைபாடுகள் பக்கத்தில் எழுதியிருந்தார்: இது உள்ளவருக்கு நஷ்ட ஈடாக எட்டுப் புள்ளி.

அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. என் கால் தானாக மடங்கியது, எழுந்து போய் அணைக்கச் சொல்லி உடம்பு பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தே கிடந்தேன்.