நீலத்தாளில் இடது கை

இந்திய ராணுவம் எங்கள் ஊரான கரவெட்டியில் இருந்த காலம். எங்கள் வீட்டு மதிலோடு ஒட்டி ஒரு காவலரண் போட்டிருந்தார்கள். அதில் நின்றவர்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். கிழமைக்கொரு தரம் நீலத்தாள் ஒன்றை மதில்மேல் விரித்து, இடது கையை அதில் வைத்து, பேனாவால் விரல்களைச் சுற்றிக் கோடு கீறுவார். மனைவிக்கு அவர் எழுதும் கடிதம் அவ்வளவுதான். எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் பூச்சியம் போட்டிருப்பார்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாதாம். ஊரார் வாசித்துக் காட்டினால் வெட்கப்படுவாளாம். கடிதம் வந்ததும் அந்தக் கைமேல் தன் கையை வைத்துப் பார்ப்பாளாம். அவர் இதை அப்பாவிடம் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த நான் வாயைப் பிளந்தேன். துவக்குப் பிடிக்கிற கைக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு ஒரு வெடியில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மருந்து கட்டித் திரும்பி வந்தவர் நேரே எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க கையைக் கொஞ்சம் குடுங்க. அவ மாசமா இருக்கா. இதைப் பார்த்தா தாங்கமாட்டா."

ஆமிக்காரரோடு பழகித் துரோகியென்று பேர் வாங்கியவர்களுக்கு ஊரில் என்ன நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அம்மா உள்ளே நின்று வேண்டாமென்று தலையாட்டினார். அப்பா வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, புகையிலைக் கறை படிந்த தன் இடது கையைத் தாளில் விரித்து வைத்தார்.

பதில் வந்தது. அவள் சொல்ல யாரோ எழுதியது. அவர் அதை மதிலடியில் நின்று அப்பாவுக்கு வாசித்தார்.

"கை குடுத்தவங்க நல்லா இருக்கணும். உங்க கை எப்படி இருந்தாலும் அதையே அனுப்புங்க."

அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. புதிய நீலத்தாள் ஒன்றை மதில்மேல் விரித்துப் பேனாவை எடுத்தார். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார்.

"கையை வையும் தம்பி, நான் கீறுறன்."

கடல் கடந்து இருக்கிற ஒருத்தி வெறும் கோட்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தாள்? எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அன்று பின்னேரம் அப்பா, மாமா, பெரியப்பா மூவருடைய கைகளையும் என் பள்ளிக்கூடக் கொப்பியில் கீறிப் பார்த்தேன். எது யாருடையது என்று கீறிய எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் கொண்டுபோனேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு தரம்தான் பார்த்தார்.

"உது அப்பாவின்ரை," என்று சரியாக விரலை வைத்தார்.

அம்மாவுக்கு நல்ல கண்பார்வை என்றுதான் அப்போது நினைத்தேன்.