வலை பதிந்த இரண்டு ரூபாய்

திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மனைவியும் நானும் பிரிந்து நான்கு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல்தான் நாணயம் பார்க்க ஆரம்பித்தேன். கூடத்தில் கழித்துக்கட்டிய பழைய மைக்ரோஸ்கோப்பைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தேன்.

நாணயப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் விசித்திரமான நாணயங்களைப் படமெடுத்துப் போடுவார்கள். கொப்புளம் எழும்பியிருந்தால் தீயில் கிடந்தது. பொடிக்குழிகளாக அரித்திருந்தால் மண்ணில் புதைந்தது. எழுத்தெல்லாம் கரைந்து மெலிந்திருந்தால் யாரோ ஆசிட்டில் போட்டிருக்கிறார்கள். இப்படிக் காரணம் சொல்வது எப்படியோ என் பொறுப்பானது. அநேகம் பேர் பதிலுக்கு ஒரு வார்த்தைகூடப் போடமாட்டார்கள்.

கார்வேட்டிநகரத்துக்காரர் ஒருவர் மட்டும் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் ஒரு பழைய இரண்டு ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் துணி நெய்தாற்போல் குறுக்கும் நெடுக்கும் கோடுகள். நாணயம் அச்சாகும்போது நடுவில் துணி சிக்கினால் அப்படி ஆகும், அதற்கு லட்சக்கணக்கில் விலை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“படத்துல தெரியாதுண்ணா. நேர்ல பார்க்கணும்” என்றேன்.

“நெல் அறுப்பு முடியட்டும் சார், எத்துக்கினு வரேன்.”

அறுப்பு முடிய ஒரு மாதம் ஆனது. அதுவரை தினமும் சாயங்காலம் கூப்பிட்டார். காசைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு போர் மோட்டார் புகைந்தது, பெண்ணுக்குப் புத்தூரில் வரன் வந்தது என்று எங்கெங்கோ போவார். “துன்னியா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஆறு மணியானால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். காசைக் கர்ச்சீப்பில் முடிந்து வைத்திருந்தார். மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. துணியாக இருந்தால் நூலின் முறுக்கு தெரியும். இந்தக் கோடுகள் மழமழவென்று ஒரே கனத்தில் ஓடின. கம்பி வலை. திருப்பினால் மறுபக்கத்து எழுத்துகளும் நசுங்கியிருந்தன, விளிம்பு பிதுங்கியிருந்தது. அச்சாகி வெளியே வந்த பிறகு எதிலோ மாட்டி அழுந்திய காசு.

காசை இன்னொரு முறை திருப்பி வைத்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இன்னொரு தடவை வாருங்கள் என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

“அண்ணா, இது எங்க கெடச்சுது?”

அவர் கர்ச்சீப்பை மடித்துக்கொண்டே சொன்னார். “நூனெ மில்லுல, எண்ண ஆட்டற எடத்துல. மூட்ட தூக்கினு இருந்தேன் அப்போ. பிரஸ்ஸ கழுவும்போது வலைக்கடியில ஒட்டிக்கினு இருந்துச்சி.”

“அப்ப அந்த வலைதான் பதிஞ்சிருக்கு. விலை ஒண்ணும் இல்லண்ணா.”

அவரையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். “உள்ளத சொன்ன. நீ இன்னா பண்ணுவ சார்” என்று காசை மறுபடி முடிந்துகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அதன்பிறகு போன் வரவில்லை. பதினைந்து நாள் பொறுத்து நானே கூப்பிட்டேன்.

“சொல்லு சார். அந்தக் காசு விஷயமா? வேற ஏதாச்சும் தெரிஞ்சுதா?” குரலில் அவசரம்.

“இல்லண்ணா. சும்மாதான்.”

“சும்மாவா?” என்றார். கோபமெல்லாம் இல்லை. “சரி சார், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அப்பறம் பேசறேன்.”

அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கார்வேட்டிநகரம் பஸ் நின்றிருந்தது. “எக்குதாரா சார்?” என்று, ஏறுகிறேனா எனத் தெலுங்கில் கண்டக்டர் கேட்டார். அங்கே போய் என்ன சொல்வது என்று தெரியாததால் தலையாட்டி மறுத்தேன். அவர் விசில் கொடுத்தார்.