சடையப்பன் அணைக்குப் போன நாள்

மாடுகள் இடதுபுறம் திரும்பிவிட்டன. சடையப்பன் கவனிக்கவில்லை. கயிற்றை மடியில் போட்டுவிட்டு, வண்டிக்குள் முகத்தைத் திருப்பி, பூண்டி அணையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மதகைத் தொறந்தா சத்தம் நம்ம ஊடு வரிக்கும் கேக்கும்."

"நேத்து ராத்திரி உன் ஊட்லதான் படுத்துனு இருந்தோம். ஒண்ணும் கேக்கலியே," என்றார் ராஜமாணிக்கம்.

"நேத்து தொறக்கல, சகலை."

ராஜமாணிக்கம் சடையப்பனின் மனைவி மணியம்மாளுடைய தங்கை புருஷன். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் இடத்தில் வேலை. வருஷம் ஒருமுறை காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு திருப்பாச்சூர் வருவார். இந்த வருஷம் வந்து இறங்கியதுமே மூன்று பிள்ளைகளும் சொல்லிவிட்டன: தெருவில் எல்லாரும் புலி சிங்கம் பார்க்க உயிர் காலேஜுக்குப் போகிறார்கள், பாடம் செய்த மிருகங்களைப் பார்க்கச் செத்த காலேஜுக்குப் போகிறார்கள், பீச்சுக்குப் போகிறார்கள், நாம் மட்டும் மாட்டைப் பார்க்க வருகிறோம். அடுத்த வருஷம் வரமாட்டோம்.

மணியம்மாளுக்கு இருப்பது ஒரே தங்கை, சின்னப்பொண்ணு. இந்த ஒரு நாளை விட்டால் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதில்லை. விடியற்காலையில் புளிச்சோறு கட்டும்போது மணியம்மாள் சடையப்பனிடம் சொன்னது ஒன்றுதான்.

"இன்னிக்குப் பசங்க சிரிக்கலன்னா அவ்ளோதான்."

சடையப்பன் அணையைக் காட்ட வண்டி பூட்டினார்.

பதினேழு வயதில் அந்த அணைக்கு அவர் மண் சுமந்திருக்கிறார். அதில் தண்ணீர் நின்று பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பக்கம் போக வேலை வரவில்லை. அவர் போன இடத்துக்கெல்லாம் வண்டியில் ஏதாவது இருந்தது. நெல், வேர்க்கடலை, ஒருமுறை பிரசவ வலியோடு மணியம்மாள். சும்மா பார்த்துவிட்டு வர அவர் எங்கும் போனதில்லை. மாடுகளும் போனதில்லை.

வண்டி நின்றது. எதிரே அணை இல்லை. ரைஸ் மில் இருந்தது.

புது நெல்லை ஏற்றிக்கொண்டு பத்து நாளாக வந்துபோன வழி. கூட்டுரோட்டில் மாடுகள் யாரையும் கேட்கவில்லை.

வாட்ச்மேன் முனுசாமி பீடியோடு வெளியே வந்தார்.

"இன்னா நைனா, மில்லு லீவாச்சே. இன்னா ஏத்தினு வந்துக்கிற?"

"சகலையை."

"அவிக்கணுமா, பச்சையாவே அரைச்சிடலாமா?"

சின்னப்பொண்ணு சிரித்துவிட்டாள். மணியம்மாள் சிரிக்கவில்லை. பிள்ளைகளும் சிரிக்கவில்லை. சடையப்பன் கயிற்றை இழுத்தார். வாலைத் திருகினார். மாடுகள் நகரவில்லை. பாரம் இறக்கியதும் இந்த வாசலில் அவற்றுக்குத் தவிடு கிடைக்கும். அதற்கு முன்னால் நகர்ந்து பழக்கமில்லை.

"எறங்குங்க எல்லாரும்," என்றார் சடையப்பன். "பேஜாரு புடிச்ச மாடு."

எல்லாரும் இறங்கினார்கள். முனுசாமி ஒரு டின் தவிடு கொண்டுவந்து வைத்தார். மாடுகள் நிதானமாகத் தின்றன. மணியம்மாள் சோற்றுத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்போது சின்னவனைக் காணவில்லை. கூப்பிட்டார்கள். குரல் மேலேயிருந்து வந்தது.

மில்லுக்குப் பின்னால் உமி கொட்டி வைத்திருந்தார்கள். பனைமரத்தில் பாதி உயரம், மஞ்சளாக. அதன் உச்சியில் சின்னவன் நின்றான். எல்லாரும் பார்க்கும்போதே உட்கார்ந்தான். சறுக்கினான். அடியில் வந்து சேர்ந்தபோது அவன் தலை மட்டும் வெளியே இருந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டும் ஓடின.

"கறுப்பாக் கீற சாம்பல் பக்கம் போவாதீங்க! உள்ள நெருப்பு கீது!" என்று முனுசாமி கத்தினார். பிறகு உள்ளே போய் மூன்று காலிக் கோணிகள் எடுத்துவந்தார். "இத்தப் போட்டுக் குந்து. ஜோரா வரும்."

ஜோராக வந்தது. பத்து முறை, இருபது முறை. பிறகு ராஜமாணிக்கம் பெரியவளுக்குச் சறுக்கத் தெரியவில்லை என்றார். காட்டுகிறேன் என்று டெர்லின் சட்டையோடு ஏறினார். பாதியில் கோணி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக வந்தார்கள்.

"ஒயிங்கா ரயிலு பெட்டியில குந்தினு வர்றவரு, கோணியில வரத் தெரியல," என்றாள் சின்னப்பொண்ணு. மணியம்மாள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நெல் காயப்போடும் களத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிந்தியதற்குப் புறாக்கள் வந்தன. முனுசாமிக்கும் ஓர் இலை போட்டார்கள்.

"சாப்ட்டுக் கெளம்பினா இன்னும் அணையைப் பாக்கலாம்," என்றார் சடையப்பன்.

"நாளிக்கு ரயிலுக்குப் போவணும், மாமா. இருட்டிடும்," என்றாள் சின்னப்பொண்ணு.

பெரியவள் தலையிலிருந்து உமியைத் தட்டினாள். "அடுத்த வருஷமும் இங்கதான் பெரியப்பா. அணை அதுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சடையப்பன் மணியம்மாளைப் பார்த்தார். அவள் தங்கைக்கு இன்னொரு கை சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார்.

மறுநாள் எல்லாருக்கும் உடம்பு அரித்தது. மணியம்மாள் இரண்டு அண்டா வெந்நீர் போட்டாள். தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோனது. பத்தரை மணி ரயிலில் அவர்கள் திருவள்ளூரில் ஏறினார்கள். சடையப்பன் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து கூழ் குடித்தார். பிறகு வைக்கோல் போர் போட்டார். சாயங்காலம் கொஞ்சம் தூறியது.