ஓடைக்கு அந்தப் பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு படித்த மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் விட்டுவிட்டு வந்த இங்கிலாந்து கிராமம் ஒன்றைத் தெர்மக்கோலில் செய்ய வேண்டும். பிள்ளைக்குக் கொடுக்கிற வேலையெல்லாம் அம்மா தலையில்தானே விடியும்.

நூலகத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். சின்ன ஊர். மேற்கே சுண்ணாம்புக் குன்று, அங்கிருந்து இறங்கிவரும் ஓடை, ஒரு மாவு மில், நடுவில் சர்ச். கொள்ளைநோயில் பாதிப்பேர் செத்திருக்கிறார்கள். பிறகு பொது மேய்ச்சல் நிலத்தைப் பிரபு வேலி போட்டு எடுத்துக்கொண்டார். அதுவரைக்கும் நன்றாகவே புரிந்தது. அந்த மாதிரிப் பிரபு எங்கள் ஊரிலும் இருந்தார்.

கூலிக்காரர்களின் வீடுகளை ஒட்டும்போது என் கை தானாக ஓடையைத் தாண்டிக் கிழக்கே போனது.

"அம்மா, வொய் ஆர் தே ஓவர் தேர்? புக்ல நெக்ஸ்ட் டு த சர்ச் இருக்கு" என்றாள் மகள்.

படத்தை மறுபடி பார்த்தேன். உண்மைதான், அந்த வீடுகள் சர்ச் சுவரை ஒட்டியே நின்றன. குழம்பிப் போனேன். அப்படியென்றால் அங்கே செத்த மாட்டைத் தூக்கியவர்கள் எங்கே இருந்தார்கள்? பக்கம் பக்கமாகத் தேடியும் அப்படி ஒரு தெரு இல்லை. எழுதியவர் மறைத்துவிட்டார் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர் அபார்ட்மெண்ட் ஆன்ட்டி வந்தார். எங்கள் ஜில்லாக்காரர். நான் வேலையிலிருந்து திரும்பும்வரை மகள் அவர் வீட்டில்தான் இருப்பாள். "ஊர்ல உங்க வீடு எந்தத் தெரு?" என்று அடிக்கடி கேட்பார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்று மழுப்பிவிடுவேன். தெரிந்தால் மகளைச் சேர்த்துக்கொள்வாரோ மாட்டாரோ என்ற பயம்தான்.

காபி கொடுத்தேன். தெர்மக்கோல் ஊரைப் பார்த்துவிட்டு மகளிடம், "அம்மா கரெக்டாத்தான் வச்சிருக்காங்க. அவங்கல்லாம் அந்தப் பக்கந்தான் இருப்பாங்க" என்றார்.

மகள் விடவில்லை. "தென் வேர் வாஸ் யுவர் ஹவுஸ், அம்மா?"

பஸ் ஸ்டாண்ட் நாக்கு நுனிவரை வந்தது. இவளிடமுமா அதைச் சொல்வது? வெட்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தேன்.

வாய்வரை கொண்டுபோன டம்ளரை ஆன்ட்டி கீழே வைத்தார். "அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போனார். நிஜமாகவே வைத்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் பள்ளி விட்டதும் மகள் எந்தக் கதவைத் தட்டுவாள் என்பதும் அப்போது தெரியவில்லை.