நஞ்சுக்கொடியைக் குழாய் என்று நினைத்திருந்தேன்

என் மருமகள் வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று, அவளுடைய வளைகாப்பில், இரு வீட்டு உறவும் கேட்கச் சொன்னவன் நான். அது உண்மையல்ல. உண்மையல்ல என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாதவனாக நான் பேசவில்லை. உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளியில் முப்பது ஆண்டு விலங்கியல் நடத்தியவனாகப் பேசினேன். அதனால் நம்பினார்கள்.

ஏழாம் மாத ஸ்கேனில், குழந்தை மாதத்துக்குத் தக்க வளரவில்லை என்றார்கள். காரணம் எனக்கு உடனே கிடைத்துவிட்டது. ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் வரைந்த படம் அது. இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் சேய், நடுவில் நஞ்சுக்கொடி, அதன் வழியே ஓர் அம்புக்குறி. தாய் தின்றது சேய்க்குப் போகும். போகவில்லை என்றால் தாய் தின்னவில்லை.

மறுநாளிலிருந்து, அவள் சாப்பிடும் இடம் தெரிகிறபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தேன். இரண்டு இட்லிக்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை.

“நான் சாப்டுக்கினுதான் கீறேன், மாமா. நீங்க இப்டி பாத்துக்கினே இருந்தா எப்டி எறங்கும்?” என்றாள் ஒருநாள். நாற்காலியை நான் பழையபடி திருப்பவில்லை.

வளைகாப்பில் வளையல் போட்டு முடிந்ததும் ஐந்து வகைச் சாதம் வைத்தார்கள். அவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்தாள்.

“ருசி பாக்க மட்டும் கை வருது. உள்ள இருக்கறத பட்டினி போடறா. ஸ்கேன்லயே தெரிஞ்சிபோச்சி” என்றேன்.

“இன்னாண்ணா இப்டி சொல்லிட்டீங்க?” என்றார் அவள் அம்மா. “எங்க வூட்ல சட்டிய வழிச்சி சாப்புட்ற பொண்ணு அது.”

“வாத்தியாரு காரணம் இல்லாமலா சொல்வாரு?” என்றது எங்கள் பக்கத்துக் குரல் ஒன்று.

மருமகள் புளிச்சாதக் கிண்ணத்தை இழுத்து முழுவதும் தின்றாள். அடுத்து தேங்காய்ச் சாதம். அதையும் முடித்துவிட்டு எழுந்து, பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அன்று மாலையே தென்னேரிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போனார்கள்.

நாள் நிறையும் முன்பே அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு. மருத்துவமனை வராந்தாவில் டாக்டரம்மாவை நிறுத்தி, “மருமக சரியா சாப்பிடல, அதானே டாக்டர்?” என்றேன்.

“யார் சொன்னது? அவங்க எடை மாசாமாசம் சரியாத்தான் ஏறியிருக்கு.” தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எஃகுத் தட்டில் நஞ்சுக்கொடி. “இதப் பாருங்க சார். இருக்க வேண்டிய அளவு இல்ல. அங்கங்க வெளுத்திருக்கு. அம்மா என்ன சாப்பிட்டாலும் இது எடுத்துக் குடுத்தாத்தான் கொழந்தைக்குப் போகும்.”

“அது குழாய் மாதிரிதானே?”

“குழாய் இல்ல சார், அது ஒரு உறுப்பு. ஹார்மோன் சொல்றதக் கேட்டு வேல செய்யும். கேக்கறதுக்கு ஏற்பிகள் வேணும்.”

ஏற்பி எனக்குத் தெரியாத சொல் அல்ல. இன்சுலின் சாவி, ஏற்பி பூட்டு என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். அந்தப் பூட்டுகள் நஞ்சுக்கொடியின் மேலும் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இன்சுலினுக்கு உண்டா? உண்டு. வளர்ச்சியைத் தூண்டும் மற்றவற்றுக்கு? உண்டு. இப்படிச் சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளின் நஞ்சுக்கொடியில் அவை குறைந்திருக்குமா என்று கேட்டேன்.

“சிலதுல மாறியிருக்கறதப் பாத்திருக்காங்க. அதுதான் காரணமா, இல்ல வேற ஏதோ கோளாறோட விளைவான்னு இன்னும் முழுசா தெரியாது. இந்தக் கொழந்தைக்கு அதான் நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சாப்பாட்டு மேல பழி போடாதீங்க.”

அரைமணி நேரம் அவரை விடவில்லை. வெட்கம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஆர்வம் வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

வெட்கம் பேருந்தில் வந்தது. மாடு கன்று போட்டதும் விழும் நஞ்சை வைக்கோலில் சுற்றி, பால் வடியும் மரத்தில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாலையோர ஆலமரத்தில் அப்படி ஏழெட்டு மூட்டைகள் தொங்கின. வேலைக்குப் போன நாளெல்லாம் அதன் அடியில்தான் பேருந்துக்கு நின்றிருக்கிறேன். ஒன்றையாவது அவிழ்த்துப் பார்த்ததில்லை. அவிழ்த்துப் பார்க்காத ஒன்றை வைத்து ஒரு பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

குழந்தை பிழைத்தது. தென்னேரியில் காது குத்தினார்கள். வளைகாப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கும் வந்திருந்தார்கள். பந்திக்கு முன் எழுந்து நின்று, அன்று நான் சொன்னது தவறு என்றேன். நஞ்சுக்கொடி, ஏற்பி என்னும் பூட்டு எல்லாவற்றையும் விளக்கினேன்.

“வாத்தியாரு கிளாஸ் ஆரம்பிச்சிட்டாரு. இலையப் போடுங்கப்பா” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு நெஜமாவே சாப்பாடு எறங்காம இருந்திருந்தா, அன்னிக்கி நீங்க சொன்னது சரியாயிருக்குமா, மாமா?”

அறிவியலை வைத்து அவளை விடுவித்ததாக நினைத்திருந்தேன். அவள் கேட்டது அதை அல்ல. “இல்லம்மா. அப்பவும் தப்புதான்” என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அதைக் கேட்டுவிட்டு அவள் இலை போடப் போய்விட்டாள்.

அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. என் மகன்தான் வாலாஜாபாத்தில் வாடகைக்கு வீடு பிடித்து அவளோடு போனான். இப்போது அவளுக்கு இரண்டாவது கர்ப்பம், ஆறாம் மாதம். போன வாரம் அவளாகவே கூப்பிட்டாள்.

“மாமா, இந்த வாட்டி நஞ்ச நான் பாக்கணும்னு டாக்டர்கிட்ட சொல்லிக்கீறேன். அந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. மைக்ராஸ்கோப்லயும் சும்மா வெச்சா தெரியாது. சாயம் ஏத்திப் பாக்கணும்.”

“அது எத்தினியாம் மாசத்துல வருது? மொதல்லேந்தே இருக்குமா?”

“எனக்குத் தெரியாது” என்றேன். கேட்டுச் சொல்வதாகவும் சொன்னேன். போனை வைக்கும் முன் அவள் சொன்னாள்.

“எல்லாரும் போன் எடுத்தா மொதல்ல சாப்டியான்னு கேக்கறாங்க. நீங்க மட்டும் கேக்கறதேயில்ல.”

“சாப்டேன்” என்று அவளே சொல்லிவிட்டு வைத்தாள்.