நங்கையாவும் நானும் நீந்தப் போனோம்

முழங்கால் தேய்ந்துவிட்டது, தண்ணீருக்குள் நின்று பயிற்சி செய்தால் வலி குறையும் என்று பொள்ளாச்சி டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தவள் நான். கேரளப் பக்கத்து எருத்தேன்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு தோப்பு, மாடு, பிள்ளைகள் என்று ஓடியதில் நீச்சல் என்ற நினைப்பே இல்லை. இப்போது எங்கள் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஜவுளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்குத்தான் போகிறோம். நீச்சலுக்கும் அங்கேயே போவதென்று முடிவு செய்தேன். ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தது.

கோயமுத்தூரிலிருக்கும் மகன் போனில் கத்தினான். "இந்த வயசுல நீச்சலாம்மா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. நீ உன்ற சோலியப் பாரு கண்ணு" என்றேன்.

துணைக்கு நங்கையாவைக் கூப்பிட்டேன். என் கணவரின் அக்கா, பக்கத்து வீடு. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் வாசலைத் தாண்டுவதில்லை. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை.

"நாற்காலில உக்காந்து என்ற பையப் பாத்துக்கிட்டாப் போதுமுங்க நங்கையா."

"உன்ற பைய எவன் தூக்கிட்டுப் போறான்?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

முதல் நாள், முழங்கை வரை மூடிய நைலான் உடுப்பில் எனக்கே கூச்சமாக இருந்தது. தண்ணீரில் இறங்கியதும் கூச்சம் போய்விட்டது. கையும் காலும் தானாக அசைந்தன, மூச்சுதான் பாதியில் நின்றது. "மெதுவாப் போலாங்கம்மா" என்று, நீச்சல் சொல்லிக் கொடுக்கும் பெண் கம்பியைப் பிடித்து நடக்க வைத்தாள். சில வாரங்களில் குளத்தைக் குறுக்கே நீந்திக் கடந்தேன். கரையிலிருந்து நங்கையா, "காலை நல்லா உதை அம்மிணி!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, படியில் காலை நனைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதருகே கேட்டார்: "அந்த உடுப்பு என்ற அளவுக்குக் கிடைக்குமா?"

கிடைத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிய அன்று நகம் பதிந்து தோள் எரிந்தது. மார்பளவு தண்ணீரில் ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். பிறகு பிடியைத் தளர்த்தி, "இங்க உழுந்தா அடிபடாதல்ல?" என்றார்.

"படாதுங்க."

அதற்கப்புறம் அவர்தான் முதலில் இறங்குவார்.

ஆடியில் ஒருநாள் திரும்பும் வழியில், எல்லையிலிருக்கும் கோபாலபுரம் எட்டுவதற்குள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வேறு வண்டி நிற்பதாகக் கண்டக்டர் சொன்னார். நான் ஆட்டோ தேடினேன். நங்கையா அதற்குள் இறங்கிவிட்டார். கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்து வந்தார். எதிர்க்காற்றில் சேலை படபடக்க, முந்தானையை இழுத்துப் பிடிக்கக் கையை விட்டார். மறுபடி பிடிக்கவில்லை. லாரிகளின் ஓரமாக, என்னை முந்திக்கொண்டு எல்லையைக் கடந்தார்.

செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர், தண்ணீர் சொட்டும் பையைப் பார்த்து, "எந்தாணம்மே இதில்?" என்று உள்ளே இருப்பதை மலையாளத்தில் விசாரித்தார்.

"நீச்சல் உடுப்புங்க" என்றார் நங்கையா.

போலீஸ்காரர் நம்பவில்லை. எடுத்துக் காட்டியதும் சிரித்தபடி வழிவிட்டார்.

வண்டி கிளம்பும்வரை டீக்கடையில் உட்கார்ந்தோம். நங்கையா உடுமலையிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கெழமை வாறேன். கூட்டிட்டுப் போக யாரும் வர வேண்டாம். பஸ்ஸுலயே வந்துருவேன்" என்றார்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போனார். மகள் வீட்டில் நாலு நாள் தங்கி, பேரன் கல்யாணப் பேச்சிலும் கலந்துகொண்டு, தனியாகவே திரும்பி வந்தார்.