வேன் வசதி உண்டு

திருத்தங்கலில் நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தில் ஏப்ரல் என்பது பள்ளிக்கூட நோட்டீஸ்களின் மாதம். ஒரு பக்கம் பட்டாசு லேபிள்கள் ஓட, மறுபக்கம் தனியார் பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'வேன் வசதி உண்டு.'

சென்ற ஆண்டு என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். அவளை எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்றேன். என் கணவரின் அக்கா, பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர், வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏத்தா, டிகிரி படிச்ச நீயே இப்படிச் செஞ்சா எப்படி? என் பேத்தியவே வேன்லதான் அனுப்புறோம்."

"ஆறாப்புல ஆள் குறைஞ்சா அங்கன சயின்ஸ் டீச்சர மாத்திருவாக, மதினி."

"அதுக்கு? டீச்சரக் காப்பாத்த ஒம்மகள நேந்து விட்டிருக்கியாக்கும்?"

சிரித்தேன், ஆனால் மனம் மாறவில்லை. ஆகஸ்ட் கணக்கெடுப்பில் பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகி வேறு ஊருக்குப் போக வேண்டும். அறிவியல் ஆசிரியர் இல்லாத பள்ளியை விட்டு அடுத்த ஆண்டு இன்னும் பலர் விலகுவார்கள். அப்போது இன்னொருவர் உபரி. தன் பிள்ளையை வேனில் ஏற்றுகிறவர், தாம் அறியாமலே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஆசிரியரையும் வழியனுப்பி வைக்கிறார். நான் அறிந்தே அதைச் செய்ய வேண்டுமா?

மே மாதம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரும் ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தார். எங்கள் வடிவமைப்பாளர் ஏதோ ஒரு தனியார் பள்ளியின் பழைய நோட்டீஸைத் திறந்து, விவரங்களை மாற்றிக் கொடுத்தார். நான் எழுத்துப்பிழை பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய அந்தக் கடைசி வரி என் கண்ணில் படவே இல்லை. நோட்டீஸ் தெருத்தெருவாகப் போய்விட்டது.

ஜூனில் மகளைச் சேர்க்கப் போனபோது, தலைமையாசிரியர் அறைமுன் ஏழெட்டுத் தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள்.

"சார், வேன் எத்தன மணிக்கு வரும்?"

அவர் நோட்டீஸை என் பக்கம் நீட்டினார். "இங்க சைக்கிள் நிறுத்தவே எடமில்லம்மா. வேனுக்கு நான் எங்க போவேன்?"

அந்தத் தாய்மாரில் ஒருவர்கூட ஆங்கிலத்தைப் பற்றியோ தேர்ச்சியைப் பற்றியோ கேட்கவில்லை. ஆலை வண்டி ஏழு மணிக்கே அவர்களை ஏற்றிப் போய்விடும். எங்கள் தெருக்களுக்கும் பள்ளிக்கும் நடுவே லாரிகள் பறக்கும் சாலை. இத்தனை நாள் அவர்கள் தேடியது அந்தச் சாலையைக் கடத்திவிட ஓர் ஆளை. ஆசைக்கு வேன் தேடுகிறார்கள் என்று அதுவரை மனத்துக்குள் அவர்களைக் குறை சொன்னதற்காக வெட்கப்பட்டேன்.

"வேன் கிடையாது. தப்பு என்னோடது," என்றேன். "எட்டரைக்கு பிள்ளைக தண்ணித் தொட்டிகிட்ட நிக்கட்டும். நான் கூட்டிட்டு வாரேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

"வேனே லீவு போடுது. இவுக போட மாட்டாகளாம்!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஐந்து பேர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

மறுநாள் முதல் என் மகளையும் அவர்களின் பிள்ளைகளையும் சாலை கடத்திப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அச்சகத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் "வேன் வந்திருச்சு!" என்று கத்துவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் மதினி பிடித்துக்கொண்டார்.

"படிச்சுப் படிச்சு டிரைவர் ஆயிட்டியே, அதுவும் வண்டி இல்லாம!"

"ஆமா மதினி. டீசலும் மிச்சம்."

ஆகஸ்டில் எண்ணிப் பார்த்தார்கள். அறிவியல் ஆசிரியர் உபரி ஆகவில்லை. வரும் ஆகஸ்டுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

இந்த ஏப்ரலில் தலைமையாசிரியர் பழைய நோட்டீஸையே கொண்டுவந்தார். கடைசி வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு அடித்திருந்தார். அதன் கீழே நான் எழுதினேன்: 'சாலை கடத்திக் கூட்டிவர ஆள் உண்டு.'